பெரிய தையல் போட்டுக் கையால் குவில்ட் தைக்க எந்த நூல், எந்த ஊசி?

துண்டுத்துணி:

எல்லாருக்கும் வணக்கம். முதல் தடவையா ஒரு குவில்ட்டைக் கையால தைக்க உட்கார்ந்திருக்கேன். மேல் துணியைச் சதுரம் சதுரமா வெட்டி மெஷின்ல இணைச்சாச்சு. அளவு 42-க்கு 54 இன்ச். நடுவுல காட்டன் பேட்டிங், அதாவது பஞ்சு விரிப்பு. அடியில, வீட்ல பிரிக்காம கிடந்த ஒரு காட்டன் பெட்ஷீட். மூணு அடுக்கையும் சேஃப்டி பின் குத்தி நிறுத்தி வச்சிருக்கேன்.

இன்ச்சுக்குப் பத்து, பன்னிரண்டுன்னு பொடித் தையல் போடற பொறுமை எனக்குக் கிடையாது. பொறுமை இருந்தாலும் போட மாட்டேன். தையல் நல்லா தடிமனா, கையால போட்டதுன்னு பளிச்சுன்னு தெரியணும், அதுதான் ஆசை. அதனால இன்ச்சுக்கு நாலு அஞ்சு வர்ற மாதிரி பெரிய ரன்னிங் ஸ்டிட்ச்.

இப்போ சிக்கல் என்னன்னா, கையில இருக்கற நூல் பேர்ல் காட்டன் 5-ம் நம்பர் ஒண்ணு, 8-ம் நம்பர் ஒண்ணு. ஊசி மூணு வகை இருக்கு. குவில்டிங் ஊசின்னு கேட்டதுக்குக் கொடுத்தது பிட்வீன்ஸ் 10. குட்டி ஊசி, அதோட காதுக்குள்ள 8-ம் நம்பர் நூல் தலையைக்கூட நுழைக்கல. அடுத்தது பெரிய காது உள்ள ஒரு ஊசி. நூல் ஜம்முனு போகுது, ஆனா முனை உருண்டையா இருக்கு, பெட்ஷீட்ல இறங்கவே மாட்டேங்குது. மூணாவது, பாக்கெட் இல்லாத ஏதோ ஒரு எம்பிராய்டரி ஊசி. நூலை நசுக்கி, நாக்குல வச்சு, எப்படியோ கோத்துடறேன். துணியில சுளுவா இறங்குது. ஆனா காது பக்கம் வந்ததும் அப்படியே நின்னுடுது. பிளையர் வச்சு இழுக்கறேன். ஒரு சாண் தைக்கறதுக்குள்ள நூல் பிசிறு பிசிறா ஆகி மினுமினுப்பே போயிடுது.

எந்த நூலுக்கு எந்த ஊசி? நூல் நம்பருக்கும் ஊசி நம்பருக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா? மெழுகு தடவினா பிசிறு நிக்குமா? இந்த அளவுக்கு ஒரு நூல்கண்டு போதுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அவசரத்தையல்:

பேர்ல் 8, எம்பிராய்டரி ஊசி 5. கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க. மெழுகு வேண்டாம். அந்த உருண்டை முனை ஊசி டேபஸ்ட்ரி ஊசி, அதை ஸ்வெட்டர் மூட்டுறதுக்கு வச்சுக்குங்க.

மூக்குக்கண்ணாடி:

அவசரத்தையல் சொன்னது தப்பில்ல. ஆனா அந்த பெட்ஷீட்டை வச்சுக்கிட்டு அதையே வாங்கினா மறுபடியும் பிளையரைத் தேடுவீங்க. கொஞ்சம் நீளமாத்தான் எழுதப் போறேன், நிதானமா படிங்கம்மா.

ஊசி எங்க மக்கர் பண்ணுதுன்னு முதல்ல கவனிங்க. குத்தும்போதா, இழுக்கும்போதா? ரெண்டும் வேற வேற கோளாறு, ரெண்டுக்கும் ஒரே வைத்தியம் பண்ணினா ஒண்ணு சரியாகி இன்னொண்ணு கெட்டுப்போகும். முனை உள்ளே இறங்கவே அடம் பிடிச்சா, முனை மழுங்கியிருக்கணும், இல்ல ஊசி தடிமன், இல்ல துணி நெசவு நெருக்கம். முனையும் இறங்கி உடம்பும் வழுக்கிக்கிட்டு வந்து காதுல மட்டும் நின்னா, ஊசி அந்த நூலுக்கு மெலிசு. அவ்வளவுதான். உங்க மூணாவது ஊசி அந்த ரகம்.

காது பக்கம் ஏன் சிக்குதுன்னா, அங்கேதான் நூல் மடிஞ்சு ரெட்டையா வருது. ஊசியோட உடம்பு துணியில ஒரு ஓட்டை போட்டுக் கொடுக்கணும், அந்த ரெட்டை நூல் உரசாம போற அளவுக்கு. ஓட்டை பத்தலைன்னா, ஒவ்வொரு தையலுக்கும் பெட்ஷீட்டோட இழைங்க உங்க நூலைச் சுரண்டிக்கிட்டே இருக்கும். அதுக்கு மேல, நீங்க நசுக்கித் திணிச்ச காது உள்ளேயும் அறுக்குது. பிசிறு வர்றதுக்கு நூலைத் திட்டிப் பிரயோஜனமில்ல. மெழுகு தடவினா அந்தப் பிசிறு கொஞ்ச நேரம் படிஞ்சு கிடக்கும், பேர்ல் காட்டனோட மினுமினுப்பையும் கூடவே மூடிடும். காசு கொடுத்து வாங்கினதே அந்த மினுமினுப்புக்குத்தானே?

இந்த மினுமினுப்பு சும்மா வந்தது இல்ல. பருத்தியைக் காஸ்டிக் சோடாவுல போட்டா இழை உப்பி உருண்டையாகும், சாயமும் நல்லா ஏறும்னு ஜான் மெர்சர் 1844-ல கண்டுபிடிச்சார், 1850-ல காப்புரிமை வாங்கினார். மெர்சரைஸ்டுன்னு லேபிள்ல போடறது அவர் பேர்லதான். ஆனா அப்போ பளபளப்பு வரல, இழை சுருங்கித்தான் போச்சு. நூலை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே அதைப் பண்ணினா பளபளக்கும்னு தெரிஞ்சது 1890 வாக்குல. பேர்ல் காட்டன் அப்படிப் பதம் பண்ணின ரெண்டு இழையை முறுக்கினது. எம்பிராய்டரி ஸ்கெயின், அதாவது சுருளா வர்ற ஆறு இழை நூல், மாதிரி பிரிச்சு எடுக்கற நூல் இல்ல, முறுக்கு இருக்கற வரைக்கும்தான் அதுக்கு அழகு. அதனாலதான் உரசல் படக்கூடாதுன்னு இவ்வளவு சொல்றேன்.

சரி, நம்பருக்கு வர்றேன். நூல்லயும் ஊசியிலயும் நம்பர் ஏற ஏற மெலிசு. 12 மெலிசு, 8 நடுத்தரம், 5 தடிமன். உங்க நூல்கண்டு லேபிளைப் பாருங்க. டிஎம்சி கம்பெனி 8-ம் நம்பர்னா 10 கிராம், 80 மீட்டர்னு இருக்கும். 12-ம் நம்பர்னா அதே 10 கிராமுக்கு 120 மீட்டர். அதாவது ஒரு கிராமுக்கு 8 மீட்டர், 12 மீட்டர். ஸ்பூல்ல வர்ற நூலுக்கு 12 வெயிட், 50 வெயிட்னு போடறாங்களே, அதுவும் இதே கணக்குதான், ஒரு கிராமுக்கு எத்தனை மீட்டர்னு. அதனால 12 வெயிட் காட்டனும் பேர்ல் 12-ம் கிட்டத்தட்ட ஒரே தடிமன். மெஷின்ல போடற 50 வெயிட் ஏன் பெரிய தையலுக்கு உதவாதுன்னு இதுலயே புரிஞ்சிடும், துணியில போட்டா இருக்கற இடமே தெரியாது. குரோஷே நூல் நம்பர் வேற முறை, அதை இதோட போட்டுக் குழப்பிக்காதீங்க.

ஊசியில மட்டும் ஒரு எச்சரிக்கை. ஒரு வகை ஊசியோட நம்பரை இன்னொரு வகையோட ஒப்பிடக்கூடாது. எம்பிராய்டரி ஊசி, அதாவது க்ரூவல், 1-லிருந்து 12 வரைக்கும் போகும். செனில் ஊசி 13-ல ஆரம்பிச்சு 28 வரைக்கும். எம்பிராய்டரி 5-ம் செனில் 24-ம் பேர்ல் 8-க்கு ஒரே வேலையைத்தான் பார்க்கும், நம்பரைப் பார்த்தா ஒண்ணுக்கொண்ணு சொந்தம்னே தெரியாது. உங்ககிட்ட இருக்கற டேபஸ்ட்ரி ஊசிக்கும் செனிலுக்கும் உடம்பு, நீளம், காது எல்லாம் ஒண்ணுதான். முனை மட்டும்தான் வித்தியாசம், செனிலுக்குக் கூர்.

என் டப்பாவுல இருக்கறது இது: பேர்ல் 12-க்கு எம்பிராய்டரி 6 அல்லது 7, கண்ணு மங்கலா இருக்கற நாள்ல செனில் 26. பேர்ல் 8-க்கு எம்பிராய்டரி 5, செனில் 24. பேர்ல் 5-க்கு எம்பிராய்டரி 3, செனில் 22. கம்பெனிக்குக் கம்பெனி ஒரு பிசகு இருக்கும், அதனால பல சைஸ் கலந்த பாக்கெட் ஒண்ணு வாங்கிக்கறது நல்லது. பிட்வீன்ஸ் நல்ல ஊசிதான், கட்டையா இருக்கறதால பொடித் தையலுக்குக் கை சொன்னபடி கேட்கும். பெரிய தையலுக்கு ஊசி உடம்புல மூணு நாலு தையலாவது ஏத்தணும், அதுக்கு அந்தக் குட்டி உடம்பு பத்தாது.

வாங்கினதும் குவில்ட்ல கை வைக்காதீங்க. மிச்சத் துணி, மிச்ச பேட்டிங், மிச்ச பெட்ஷீட், இதே மூணை இதே வரிசையில கையகலத்துக்கு அடுக்கி அதுல தைச்சுப் பாருங்க. காது தாண்டும்போது லேசா ஒரு டப்னு விரல்ல தெரியும், அது இருக்கலாம். ஊசியைப் பிடிச்ச கட்டைவிரல் நகம் வெளுக்கற அளவு அழுத்த வேண்டியிருந்தா ஒரு சைஸ் பெரிய ஊசி. தைச்ச பிறகு நூலைச் சுத்தி ஓட்டை தெரிஞ்சு, நகத்தால வருடிவிட்டும் மூடலைன்னா ஒரு சைஸ் சின்னது. மேல்பக்கம் மட்டும் பார்க்காதீங்க, திருப்பி பெட்ஷீட் பக்கமும் பாருங்க, ஓட்டை அங்கதான் நிக்கும்.

இப்போ உங்க பெட்ஷீட். பெட்ஷீட்டை நெருக்கமா நெய்யறது படுத்துப் புரண்டாலும் நைஞ்சு போகக்கூடாதுன்னு. ஊசிக்கு அது எமன். குவில்டிங் காட்டன், மல் துணி மாதிரி இழை விலகிக் கொடுக்காது. அடித்துணியை மாத்த முடிஞ்சா இப்பவே மாத்துங்க, பின் மட்டும்தானே குத்தியிருக்கீங்க. மாத்த மனசில்லைன்னா நூலை மெலிசாக்குங்க. பேர்ல் 12, எம்பிராய்டரி 6. தடிமன் ஊசி போட்டா இழுக்கறது சுளுவாகும், குத்தறது கஷ்டமாகும். மெலிசு ஊசியில 8-ம் நம்பர் போட்டா குத்தறது சுளுவு, இழுக்கறது கஷ்டம். நூலே மெலிசானாதான் ரெண்டு பக்கமும் தளரும். 12-ம் நம்பர் தெரியாமப் போயிடுமோன்னு பயப்படாதீங்க, துணி நிறத்துக்கு எதிர் நிறம் எடுத்தா நல்லாவே தெரியும். வெளிர் நீலத்துல அடர் நீலம், கிரீம்ல செங்கல் சிவப்பு, அந்த மாதிரி.

5-ம் நம்பரை அலமாரியில வச்சுடுங்க. மூணு அடுக்குக்குள்ள அதை இழுக்கறதுல எனக்கு நம்பிக்கையே கிடையாது. ஓரத்துல பைப்பிங் முடிச்ச பிறகு அலங்காரமா பிளாங்கெட் ஸ்டிட்ச் போடலாம், ஜோரா இருக்கும்.

நூல்கண்டு கணக்கு: ரெண்டு இன்ச் இடைவெளியில குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டீங்கன்னு வைங்க. நெடுக்க 21 கோடு, ஒவ்வொண்ணும் 54 இன்ச். குறுக்க 27 கோடு, ஒவ்வொண்ணும் 42 இன்ச். மொத்தம் 2268 இன்ச், சுமாரா 58 மீட்டர். இது வெறும் கோட்டு நீளம்தான். நூல் அடுக்குக்குள்ள ஏறி இறங்கறது, முடிச்சுக்கு விடறது, கடைசியில வெட்டி எறியறது எல்லாம் சேர்த்து ஒன்றரை மடங்கு வச்சுக்குங்க, 86, 87 மீட்டர். அதாவது 8-ம் நம்பர் ஒரு கண்டு எடுத்தா கடைசி மூணு நாலு கோட்டுல கையை விரிச்சுடும். 12-ம் நம்பர் ஒரு கண்டு தாராளம். எதை வாங்கினாலும் டை லாட் நம்பரை, அதாவது எந்தத் தடவை சாயம் போட்டதுங்கற நம்பரை, குறிச்சு வச்சுக்குங்க.

நூலை நீளமா வெட்டாதீங்க. விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும், சுமார் 18 இன்ச். அதுல தையலாகறது 12 இன்ச்தான் இருக்கும். இன்ச்சுக்கு அஞ்சுன்னா 60 தையல். மேலேயிருந்து கீழே ஒண்ணு, கீழேயிருந்து மேலே ஒண்ணுன்னு காதுல மடிஞ்சு இருக்கற அந்த இடம் 120 தடவை துணியைத் துளைச்சுக்கிட்டுப் போகுது. நீளமா எடுத்தா அதே இடம் அதுக்கு ரெட்டிப்பு உழைக்கணும். நடுநடுவுல ஊசியைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தி மடிப்பு இடத்தை மாத்திவிடுங்க. முறுக்கு ஏறித் திருகிக்கிட்டு வந்தா ஊசியைத் தொங்கவிடுங்க, அதுவா சுத்தி நின்னுக்கும்.

நீலநூல்:

அக்கா சொன்னதுல பெரும்பாலும் ஒத்துப்போறேன். ஆனா சாஷிகோ நூலை, அதாவது ஜப்பான் கைத்தையலுக்குப் போடற நூலை, ஒரு வார்த்தைகூட சொல்லாம விட்டுட்டீங்களே. நான் பெரிய தையலுக்கு அதைத்தான் போடறேன். பேர்ல் காட்டன் மாதிரி மினுக்காது. துணியோட துணியா ஒட்டி, பல தடவை துவைச்ச துணி மாதிரி ஒரு அமைதி இருக்கும். முறுக்கு தளர்வு, அதனால தையல் கொஞ்சம் உப்பி நிரம்பித் தெரியும்.

ஊசியும் அதுக்குன்னே தனியா இருக்கு. நீளம், விறைப்பு, முனையிலிருந்து காது வரைக்கும் ஒரே தடிமன். நான் ஹூப், அதாவது துணியைப் பிடிச்சு நிறுத்தற வளையம், போடறதே இல்ல. துணியை மேஜையில விரிச்சு, ஊசியை நேராப் பிடிச்சுக்கிட்டு துணியை மேலயும் கீழயும் மடிச்சு மடிச்சு ஊசியில ஏத்துவேன். ஆறு ஏழு தையல் ஏறினதும் ஒரே இழுப்பு. வரி கோணாம வரும். மேல தெரியற தையல் மூணு பங்கு, இடைவெளி ரெண்டு பங்குன்னு வச்சா தையல் எடுப்பா இருக்கும், சாஷிகோ வழக்கமே அதுதான்.

சுருளா வர்ற நூலை அப்படியே இழுத்துடாதீங்க, சிக்கு பிடிச்சா அன்னிக்கு வேலை அவ்வளவுதான். சுருளைப் பிரிச்சு, கட்டியிருக்கற முடிச்சை வெட்டி, எதிர்ப் பக்கம் ஒரே இடத்துல மொத்தமா வெட்டிட்டு, தளர்வாப் பின்னல் போட்டு வைங்க. வேணும்போது ஒவ்வொண்ணா உருவலாம்.

மூக்குக்கண்ணாடி:

தம்பி, சாஷிகோ நூலுக்கு நான் எதிரி இல்ல. நல்ல நூல். ஆனா அது துணி மேல துணி வச்சுத் தைக்கறதுக்கு வந்த வேலை, நடுவுல பஞ்சு விரிப்பு கிடையாது. பேட்டிங் வச்ச மூணு அடுக்குல அந்த நீள ஊசியில ஆறு ஏழு தையல் ஏத்தினா மேல வரிசையா இருக்கும், திருப்பிப் பார்த்தா ஒரு தையல் எள்ளு அளவு, அடுத்தது அரிசி அளவு. மெல்லிய பேட்டிங்னா சமாளிக்கலாம். முறுக்கு தளர்வுங்கறதால இந்த பெட்ஷீட்ல பேர்லைவிட அதுதான் முதல்ல பஞ்சாகும். இவங்க இப்பத்தான் ஆரம்பிக்கறாங்க, ஒரு தடவைக்கு மூணு தையல் ஏத்தினா போதும்.

அந்த மூணுக்கு ரெண்டு கணக்கு மட்டும் நல்ல யோசனை. கண்ணு இடைவெளியைத்தான் முதல்ல பார்க்கும். இன்ச்சுக்கு நாலா அஞ்சாங்கறதைவிட எல்லாம் ஒரே மாதிரி இருக்கறதுதான் முக்கியம்.

பஞ்சுமெத்தை:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எம்பிராய்டரி ஸ்கெயின் நூல் வீட்ல நிறைய இருக்கறவங்க அதையும் போடலாம். ஆறு இழையில மூணு எடுத்தா பேர்ல் 8-க்குப் பக்கத்துல வரும், ரெண்டு எடுத்தா இன்னும் மெலிசு. மூணையும் ஒண்ணா உருவாதீங்க, ஒவ்வொரு இழையா தனித்தனியா உருவி அப்புறம் சேர்த்துக்குங்க. அப்பத்தான் தட்டையா, சிக்கில்லாம படியும். ஒரே குறை, முறுக்கு இல்லாததால ஒரு இழை முன்னாடி ஓடும், இன்னொண்ணு பின்னாடி தங்கி அடிப்பக்கம் வளையம் வளையமா நிக்கும். அடிக்கடி திருப்பிப் பார்க்கணும்.

சாயம் ஒரு விஷயம். செங்கல் சிவப்புன்னு அக்கா சொன்னதும் பகீர்னு ஆச்சு. சிவப்பு, அடர் நீலம், கறுப்பு எது வாங்கினாலும் ஒரு முழம் நூலை வெந்நீர்ல நனைச்சு, வெள்ளைத் துணிக்கு நடுவுல வச்சு அழுத்திக் காய விடுங்க. கறை ஒட்டினா அந்த நூலை கிரீம் துணிப் பக்கமே கொண்டு போகாதீங்க. தைச்சு முடிச்ச பிறகு சாயம் இறங்கினா எடுக்கறது ரொம்பக் கஷ்டம்.

துண்டுத்துணி:

அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பெட்ஷீட்டை மாத்த மனசு வரல, அது அவ்வளவு அழகான கோடு போட்ட துணி. அதனால பேர்ல் 12-ம் எம்பிராய்டரி ஊசி பல சைஸ் பாக்கெட்டும் வாங்கி, நீங்க சொன்ன மாதிரி கையகலத் துண்டுல போட்டுப் பார்த்தேன். 7-ல காது கொஞ்சம் நின்னுச்சு. 6 பிரமாதம். பிளையரை டூல் பாக்ஸ்லயே திருப்பி வச்சாச்சு. பிசிறும் இல்ல. ஆசைக்கு 8-ம் நம்பரை 5-ல கோத்துப் பார்த்தேன், இழுக்க வருது, ஆனா ஒவ்வொரு குத்துக்கும் நடுவிரல் கத்துது.

புதுசா ரெண்டு சிக்கல். முடிச்சை உள்ளே தள்ளணும்னு எல்லாரும் சொல்றாங்க. பொடித் தையல் வீடியோல எல்லாம் டொக்குனு உள்ளே போயிடுது. எனக்கு ஒண்ணு உள்ளே போக மாட்டேங்குது, இல்லேன்னா மொத்தமா உள்ளே போய் அந்தப் பக்கம் வெளியில வந்துடுது. இன்னொண்ணு, இந்த நூலைக் காதுல கோக்கறதுக்கே பாதி நேரம் போகுது. கம்பி வச்ச த்ரெடர் ஒண்ணு உடைஞ்சே போச்சு.

மூக்குக்கண்ணாடி:

முடிச்சு பெரிசா இருக்கு, அதான். பொடித் தையல் நூலுக்கு ஊசியில மூணு நாலு சுத்து சுத்துவாங்க, அந்த மெல்லிய நூலுக்கு அது வேணும். பேர்லுக்கு ரெண்டு சுத்து போதும். நூல் நுனியை ஊசி மேல வச்சுப் பிடிச்சு, ரெண்டு சுத்து சுத்தி, சுத்தை விரலால அழுத்திக்கிட்டே ஊசியை மேல இழுத்தா நுனியில குட்டி முடிச்சு நிக்கும். வாலைக் கால் இன்ச் விட்டு வெட்டுங்க.

உள்ளே அனுப்பறதை எப்பவும் மேல் துணிப் பக்கமிருந்து பண்ணுங்க, பெட்ஷீட் பக்கம் முயற்சியே வேண்டாம். தையல் ஆரம்பிக்கற இடத்துக்கு ஒரு இன்ச் தள்ளி ஊசியை இறக்குங்க. மேல் துணி, பேட்டிங் ரெண்டோட நிறுத்தி, அடித்துணியைத் தொடாம பஞ்சுக்குள்ளயே படுக்க வச்சு ஓட்டி, ஆரம்பிக்கற இடத்துல மேல எடுங்க. இப்போ முடிச்சு துணி மேல உட்கார்ந்திருக்கும். அந்த இடத்தை இடது கட்டைவிரல் நகத்தால லேசா கீறி, நெசவைத் தளர்த்திவிட்டு, நூலை வெடுக்குனு இழுக்காம நிதானமா, சாய்வா இழுங்க. உள்ளே போன சத்தம் கேட்டதும் கையை நிறுத்தணும். நீங்க சத்தத்துக்கு அப்புறமும் இழுக்கறீங்க, அதான் தையல் வர வேண்டிய ஓட்டை வழியா முடிச்சு எட்டிப் பார்க்குது. சதுரம் சேருற மூட்டுத் தையல் பக்கத்துல இருந்தா அந்த மூட்டுக்குள்ளேயே ஊசியை இறக்குங்க, அங்க இழை விலகிக் கொடுக்கும்.

அப்பவும் போகலைன்னா முடிச்சே வேண்டாம். வாலைப் பஞ்சுக்குள்ள ரெண்டு இன்ச் ஓட்டி, மேல் துணியிலயும் பஞ்சுலயும் மட்டும் பிடிக்கற மாதிரி ஒரு பொடிப் பின்தையல் போட்டு, அது மேலயே உங்க முதல் பெரிய தையலைப் போட்டா மறைஞ்சிடும். முடிக்கறப்போ நாலு இன்ச் நூல் மிச்சம் இருக்கும்போதே நிறுத்திடணும். துணியிலிருந்து கால் இன்ச் தள்ளி ஒரு முடிச்சு, கடைசித் தையல் ஓட்டை வழியா பஞ்சுக்குள்ள விட்டு, ஒரு இன்ச் தள்ளி வெளியில எடுத்து, லேசா இழுத்துப் பிடிச்சு ஒட்ட வெட்டினா வால் உள்ளே ஓடிடும்.

கோக்கறதுக்கு: நாக்கை விடுங்க, நனைஞ்ச பேர்ல் உப்பிக்கும். நூலை நனைக்கறதுக்குப் பதிலா ஊசிக் காதை நனைங்க. நூல் நுனியைச் சாய்வா, புதுக் கத்தரியால வெட்டுங்க. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல நூல் தெரிஞ்சும் தெரியாம ஒரு மயிரிழை மட்டும் வெளியில நிக்கற மாதிரி இறுக்கிப் பிடிச்சு, ஊசியை நூல்கிட்ட கொண்டு வாங்க, நூலை ஊசிகிட்ட கொண்டு போகாதீங்க. வரலைன்னா ஊசியைத் திருப்பிப் பிடிங்க. காதை ஒரு பக்கமிருந்து குத்தி எடுத்திருப்பாங்க, அதனால ஒரு பக்கம் வழவழன்னும் இன்னொரு பக்கம் நெருடலாவும் இருக்கும். கம்பி த்ரெடர் தடிமன் நூலுக்குத் தாங்காது. சாதாரண மெஷின் நூல் ஒரு துண்டை ரெண்டா மடிச்சு, மடிப்பைக் காதுக்குள்ள விட்டு, அந்த வளையத்துக்குள்ள பேர்லை மாட்டி இழுங்க. செலவே இல்லாத த்ரெடர்.

நடுவிரல் கத்துதுன்னா அங்குஸ்தான், அதாவது ஊசியைத் தள்ள விரல்ல மாட்டற தொப்பி, போடலைன்னு அர்த்தம். தலையில குழி குழியா இருக்கற உலோக அங்குஸ்தான் வாங்குங்க, ஊசித் தலை வழுக்காது. விரலைக் கீழே தொங்கவிட்டா கழண்டு விழக்கூடாது, அதே சமயம் விரல் நுனி சிவக்கக்கூடாது, அந்த அளவு. இழுக்கற கைக்கு, கிழிஞ்ச ரப்பர் கையுறையோட விரல் பகுதியை வெட்டி ஆள்காட்டி விரல்ல மாட்டிக்குங்க. பிளையர் ஊசியை வளைச்சுடும், ரப்பர் வளைக்காது.

பஞ்சுமெத்தை:

நான் இடது கைக்காரி. இதெல்லாம் எனக்கும் அப்படியேதானா? நூல் எனக்கு மட்டும் அதிகமா முறுக்கிக்கற மாதிரி இருக்கு.

மூக்குக்கண்ணாடி:

ஊசி, நூல் தேர்வு அப்படியேதான். கோட்டை இடப்பக்கத்துலேருந்து வலப்பக்கமா தைங்க. தைக்கறப்போ நம்மளை அறியாமலே விரல் ஊசியைக் கொஞ்சம் உருட்டும், வலது கைக்கு ஒரு பக்கம், உங்களுக்கு எதிர்ப் பக்கம். அது நூல் முறுக்கைத் தளர்த்தும், இல்ல இறுக்கும். ஊசியைத் தொங்கவிடறதைக் கொஞ்சம் அடிக்கடி பண்ணுங்க, வேற ஒண்ணும் வேண்டாம்.

துண்டுத்துணி:

ரெண்டு சுத்து முடிச்சு டக்குனு போயிடுச்சு! மூட்டுல இறக்கறது இன்னும் சுளுவு. இன்னொரே ஒரு கேள்வி, ஹூப் வேணுமா? நீலநூல் வேண்டாம்ங்கறார்.

நீலநூல்:

எனக்கு வேண்டாம். உங்களுக்கு அக்கா வேற சொல்வாங்க பாருங்க.

மூக்குக்கண்ணாடி:

சொல்லத்தான் போறேன். 14 இன்ச் ஹூப் ஒண்ணு போட்டுக்குங்க, ஆனா எம்பிராய்டரிக்கு மாதிரி மத்தளம் கணக்கா இழுக்காதீங்க. நடுவுல உள்ளங்கையை வச்சு அழுத்தினா ஒரு இன்ச்சாவது பள்ளம் விழணும். அந்தத் தளர்ச்சியிலதான் ஊசியை மேலயும் கீழயும் ஆட்டி மூணு தையல் ஏத்த முடியும். நடுவுலேருந்து ஆரம்பிச்சு ஓரத்துக்குப் போங்க, சுருக்கம் ஓரத்துக்குத் தள்ளிக்கும். எழுந்திருக்கும்போது ஹூப்பைக் கழட்டிடுங்க, இல்லேன்னா வளையத் தடம் பேட்டிங்ல பதிஞ்சு உட்கார்ந்துக்கும். ஊசியையும் துணியிலேயே குத்தி வச்சுட்டுப் போகாதீங்க, கைவேர்வை பட்ட ஊசி துரு விட்டுடும். மேல் பூச்சு போய்க் கறுத்த ஊசியைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு எடுங்க, அது துணியைப் பிடிச்சு இழுக்கும்.

அவசரத்தையல்:

எல்லாம் சரி, நான் சொன்ன 8-க்கு 5 தப்பில்லைன்னு யாராவது ஒருத்தர் எழுதிட்டுப் போங்க.

மூக்குக்கண்ணாடி:

முதல் வரியிலேயே எழுதியிருக்கேனே. அடியில மல் துணி இருந்திருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், இவ்வளவு டைப் அடிச்சிருக்க மாட்டேன்.